கொம்பியூட்டரின் காதில் உடுப்புக் கிளிப்

போன செவ்வாய்க்கிழமை ஃபாரஸ்ட் கேட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வெளியே மழை. பஸ் முழுக்க நனைந்த கோட்டு மணம். பக்கத்துச் சீற்றில் ஒரு பிள்ளை இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், காதில் வளையல் அளவுக்குத் தோடு, போனுக்குள் தலையைப் புதைத்திருந்தாள். என் மீன் பை அவளுடைய சப்பாத்தில் படக்கூடாதே என்று குனிந்து ஒதுக்கிய நேரம் கண் அந்தப் போனில் விழுந்தது. பிள்ளை சீட்டு விளையாடுகிறாள். அதுவும் முந்நூற்றிநாலு. மூலையில் ஒரு சின்ன மூஞ்சிப் படம், தோற்றுத் தொங்கிப்போன மூஞ்சி. அதன் காதிலே மஞ்சள் நிறத்தில் ஓர் உடுப்புக் கிளிப்.

"ஐயோ, அது என்ரை கிளிப்!" என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை முதல் வேலையாகத் தன் கைப்பையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டு, "அன்ரி, ஆர் யூ ஓகே?" என்றாள். எதையோ களவெடுத்ததாகச் சொல்கிறேன் என்று பயந்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் எனக்கு நிற்பாட்டத் தெரியாது. மீன் பையும் மடியில் கிடந்து என்னோடு சேர்ந்து குலுங்கியது.

அந்தக் கிளிப்பின் கதையை அவளுக்கு இரண்டு பஸ் தரிப்புக்குள் சொல்ல முடியாது. உங்களுக்கென்றால் ஆறுதலாகச் சொல்லலாம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

முந்நூற்றிநாலு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருக்கிறவர்கள் கூட்டு. எல்லாச் சீட்டின் புள்ளியையும் கூட்டினால் முந்நூற்றிநாலு வரும். நாங்கள் இவ்வளவு புள்ளி எடுப்போம் என்று முதலில் கேள்வி கேட்க வேண்டும், கேட்டதை எடுத்துக் காட்டவும் வேண்டும். எடுக்காவிட்டால் மானம் போகும். மானம் போனது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் என் வீட்டில் கிளிப் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாலைந்து பெண்கள் கூடுவோம். தோற்றவர் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் ரீ ஊற்றிக் கொடுக்க வேண்டும். கிளிப் கடிக்கிறது பெரிய நோவில்லை. அதோடு போய், "சீனி எத்தினை கரண்டி?" என்று கேட்கிறதுதான் நோவு.

ரீ என்றதும் எங்கள் மாதா கோயிலின் பங்கு ஹோல் ஞாபகம் வருகிறது. தமிழ்ப் பூசை முடிந்தபின் அந்த ஹோலில் ரீ போடுகிறதும், கதிரை அடுக்குகிறதும், கூட்டித் துடைக்கிறதும் என் பொறுப்பு. காஸ் ஹீற்றரின் மணமும், சாம்பிராணி மணமும், பழைய கம்பளத்தின் மணமும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் வந்தால் என் கை தானாகவே ரீப் பை தேடும்.

அந்த ஹோலின் ஒரு மூலையில்தான் யூட் மேசை போட்டிருந்தான். அப்போது நாற்பத்தைந்து வயது, தலையில் ஒரு மயிர் இல்லை. கிழமை நாட்களில் ஏதோ பெரிய கந்தோரில் கொம்பியூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த மேசையோடு விசர், பைத்தியம். மேசையில் நீலத் துணி, மூன்று பழைய லப்டொப், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய டிஸ்க். சுவரில் தன் கையால் எழுதிய மட்டை ஒன்று: 'கட்டற்ற மென்பொருள். எடுங்கள், பாருங்கள், மாற்றுங்கள், கொடுங்கள்.' அதை நான் வாசித்து முடிக்க மூன்று ஞாயிறு எடுத்தது. சனத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இன்சூரன்ஸ் விற்கிறான் என்று நினைத்து, ரீக் கோப்பையோடு அந்த மூலையைச் சுற்றி வளைத்துப் போனார்கள்.

என் கதை வேறு. என் மகள் கழித்துவிட்ட லப்டொப் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைப் போட்டால் சுடுதூசி மணம் வரும், படம் வராது. குப்பைக்குப் போடமுன் காட்டுவோம் என்று யூட்டிடம் கொண்டுபோனேன். ஒரு டிஸ்க்கைப் போட்டு ஏதோ செய்தான். நான் ரீ கொடுத்து முடித்து வந்து பார்த்தால், அது எழும்பி நிற்கிறது. அதுவும் தமிழில்! பொத்தானுக்குப் பொத்தான் தமிழ். இந்த நாட்டில் முப்பது வருசமாக எந்த மெஷினும் என்னோடு தமிழ் கதைத்ததில்லை. கதிரையில் இருந்துவிட்டேன்.

"தம்பி, இதுக்கு என்ன தரவேணும்?"

"ஒண்டும் வேண்டாம் அன்ரி. இது ஒருத்தரும் பூட்டி வைக்காத சாமான். உலகத்தில எங்கெங்கயோ இருக்கிற ஆக்கள் சேர்ந்து செய்தது. ஆரும் பாவிக்கலாம், உள்ளுக்குத் திறந்து பாக்கலாம், பிடிக்காட்டி மாத்தலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஆரிடமும் சும்மா வாங்கிப் பழகியவள் இல்லை. "சும்மா வாங்கிற ஆள் எண்டு என்னைப் பார்த்தால் தெரியுதோ?"

அவன் மொட்டைத் தலையைத் தடவினான். "அப்ப ஒண்டு செய்யுங்கோ. நாலு பேருக்குச் சொல்லுங்கோ. டிஸ்க்கையும் குடுங்கோ. அதுதான் கைமாறு."

அன்றிலிருந்து நான் இறங்கிவிட்டேன் பாருங்கள். வீட்டில் மட்டன் றோல் பொரித்து, ஒவ்வொரு றோலோடும் ஒரு டிஸ்க். "இதைத் தின்னுங்கோ, அதைக் கொம்பியூட்டரில போடுங்கோ." சனம் இரண்டையும் வாங்கியது. எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. சப்பாத்துப் பெட்டி இரண்டு முறை காலியானது. யூட் இரவிரவாக டிஸ்க் அடித்துக் கண் சிவந்துபோனான்.

பிறகுதான் தெரிந்தது. இங்கே எட்மண்டனில் ஒரு வீட்டுக்குச் செபமாலைக்குப் போனேன். மாதா சுரூபத்துக்குப் பின்னால் அழகான ஒளிவட்டம் ஒன்று மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் டிஸ்க்! அந்த வீட்டுக்காரி, "வடிவாயிருக்கெல்லோ அக்கா, நீங்கள் தந்ததுதான்" என்றாள். இன்னொருவர் தன் தோட்டத்துப் போஞ்சிக் கொடியில் புறா வராமல் பதினொரு டிஸ்க் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பதினொன்று! அவ்வளவு றோலையும் அந்த ஒரு மனுசனே தின்றிருக்கிறார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்காத விஷயம் பிலோமினா ரீச்சர். ஊரில் படிப்பித்தவ, இங்கே பங்குச் சபைக்குச் செயலாளர், வெள்ளிக்கிழமைச் சீட்டில் என் கூட்டு. பூசை முடிந்து வருகிற வழியில் ஒரு டிஸ்க் தந்தால் அது என்னவாக இருக்கும்? மாதா பாட்டுத்தான். ரீச்சர் அப்படி நினைத்து, மாதா யாத்திரைக்குப் போகிற வழியில், கார் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, பாட்டுப் பெட்டிக்குள் அதைத் தள்ளியிருக்கிறா. பாட்டும் வரவில்லை, டிஸ்க்கும் வரவில்லை. போக நாலு மணித்தியாலம், வர நாலு மணித்தியாலம், அந்தப் பெட்டி உள்ளுக்குள் கிர்ர், கிர்ர் என்று கறுவிக்கொண்டே வந்ததாம்.

அடுத்த ஞாயிறு ரீச்சர் நேரே யூட்டின் மேசைக்கு வந்தா.

"உந்தக் கண்டறியாத டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நடவும். அடுத்த கிழமை இந்த மேசை கேக் விக்க வேணும். சபை முடிவு."

"சபை எப்ப கூடினது ரீச்சர்?" என்று நான் கேட்டேன்.

"நான் இருக்கிற இடத்தில சபை கூடும். நீர் ரீயைப் பாரும்."

யூட்டின் முகம் செத்துப்போனது. ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த லப்டொப்புகளைச் சுமந்துகொண்டு, இரண்டு பஸ் ஏறி வருகிறவன். வேறு எந்த ஹோலும் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. இந்த மூலையும் போனால் அவனுக்குப் போக்கிடமில்லை. தடுமாறிப்போய், வாயில் வந்ததைச் சொன்னான்: "ரீச்சர், இதில முந்நூற்றிநாலும் இருக்கு."

"மெஷின் முந்நூற்றிநாலு விளையாடுமோ?" ரீச்சர் சிரித்த சிரிப்பில் ரீக் கரண்டி ஆடியது. "சரி. வாற ஞாயிறு நானும் இவவும் ஒரு பக்கம். உம்மட மெஷின் மற்றப் பக்கம். நாங்கள் வெண்டால் மேசையை மடிச்சு உள்ளுக்கு வையும். தோத்தால் மேசை நிக்கட்டும், நான் எல்லாருக்கும் முன்னால கிளிப் போடுறன்."

என் நிலையைப் பாருங்கள். வென்றால் எனக்கு உதவி செய்தவனின் மேசை போகும். தோற்றால் கூட்டுக்காரியான என் காதிலும், என் வீட்டுக் கிளிப், பங்கு முழுக்கப் பார்க்க. கலியாணம் முடித்த புதிதில் என் மனுசனிடம்கூட நான் வேண்டுமென்று சீட்டில் தோற்றவள் இல்லை. அந்த மனுசன் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கிழமை முழுக்கச் செபமாலையில் ஒரே மன்றாட்டு: மாதாவே, எனக்கு நல்ல சீட்டு வராமல் பார்த்துக்கொள்.

மாதா கேட்கவில்லை.

அந்த ஞாயிறு யூட் இரண்டு லப்டொப்பை முதுகுக்கு முதுகாக வைத்து ஒரு வயரால் தொடுத்திருந்தான். ஒன்று அவனுடையது, மற்றது குப்பைக்குப் போக இருந்த என்னுடையது. ஒன்றின் முன்னால் நான், மற்றதன் முன்னால் ரீச்சர். எதிர்ப்பக்கம் இரண்டு ஆட்டக்காரரும் மெஷின்தான், இரண்டு மூஞ்சிப் படங்கள். சனம் கூடிவிட்டது. மெஷினைப் பார்க்க வந்த கூட்டமில்லை, ரீச்சர் கிளிப் போடுவாவா என்று பார்க்க வந்த கூட்டம். முன்வரிசையில் சூசை அண்ணை, எண்பது வயது, கையில் ஊன்றி நடக்கிற பொல்லு, எந்த ஆட்டத்திலும் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க ஏலாத மனுசன்.

ரீச்சர் எடுத்த எடுப்பில் இருநூறு கேட்டா. அவ எப்போதும் கூடத்தான் கேட்பா. ஆட்டம் போகப் போக மெஷின் நன்றாகத்தான் போட்டது, குறை சொல்லக்கூடாது. கடைசியில் என் கையில் இரண்டே சீட்டு. ஒன்று துரும்பு ஜாக், எல்லாவற்றையும் வெட்டுகிற சீட்டு, அதற்கு முப்பது புள்ளி. மற்றது ஒன்றுக்கும் உதவாத ஏழு. எங்கள் கணக்கில் நூற்றைம்பது. மெஷின் போட்ட ஒன்பது நடுவில் கிடக்கிறது, அதற்கு இருபது, மற்றதெல்லாம் புள்ளியில்லாத சீட்டு. ஜாக்கால் வெட்டினால் நேராய் இருநூறு. ஏழைப் போட்டால் ஆட்டம் போகும், மேசை நிற்கும்.

யூட்டைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழைத்தான் போடுவது என்று முடிவெடுத்தேன். இன்றுவரை ஒருவருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன், விரலை ஏழுக்கு மேலே கொண்டுபோய் வைத்தும் விட்டேன். விரல் அமத்தவில்லை. அது தன்பாட்டுக்கு ஜாக்குக்குப் போனது. என்ன செய்ய, எழுபது வருசத்து விரல்.

ரீச்சர் கையைத் தட்டினா. "இருநூறு! மடியும் மேசையை!"

அந்த நேரம் திரையில் பெரிய எழுத்தில் ஒரு சொல் வந்தது. நான் எழுத்துக்கூட்ட முதல் சூசை அண்ணை வாசித்தார். "தோல்வி எண்டு போட்டிருக்கு."

எனக்கு உள்ளுக்குள் வாணம் விட்டது. ஏமாற்றாமலே தோற்றிருக்கிறேன்! மேசை நிற்கும்! சட்டென்று கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "இந்தாங்கோ ரீச்சர், உங்களுக்கும் ஒண்டு" என்று நீட்டினேன்.

"கள்ளம்!" ரீச்சர் எழும்பினா. "இருநூறு கேட்டம், இருநூறு எடுத்தம். சரிக்குச் சரி எண்டால் வெற்றி. உந்த மெஷினுக்கு ஆர் படிப்பிச்சது?"

இனி யூட் செய்ததைக் கேளுங்கள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மேசை அவனுக்கு. நான் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன். அவன் வலியோடு சொன்னான்: "ரீச்சர் சொல்லுறதும் ஒரு சரிதான். இதை எழுதின ஆளின்ரை பக்கத்தில கேட்டதுக்கு மேல ஒண்டாவது எடுக்கவேணும் போல. இஞ்ச பாருங்கோ, அது எழுதியிருக்கிற இடம் இதுதான்."

பொத்தானை அமத்தினான். சீட்டெல்லாம் போய், மெஷினின் வயிறு திறந்தது. எறும்பு வரிசைபோல எழுத்து. அதில் ஒரு வரியைக் கையால் தொட்டுக் காட்டினான். ரீச்சர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக் குனிந்தா.

"இந்த ஒரு வரியோ?"

"ஓம், இந்த ஒரு வரிதான்."

"அப்ப மாத்தும்!"

"மாத்தலாம். ஆரும் மாத்தலாம். இதைத்தான் ரீச்சர் அஞ்சு மாசமாச் சொல்லிக்கொண்டு நிக்கிறன்."

மாற்றினான். அதே சீட்டுகளை அதே மாதிரித் திரும்பப் போட்டான். அதே இருநூறு. இந்த முறை 'வெற்றி'. ஹோல் கைதட்டியது. ரீச்சர் என் காதிலிருந்த கிளிப்பைப் பிடுங்கி, நோவ நோவப் பிடுங்கி, லப்டொப் திரையின் மூலையில் கொழுவினா. "இப்ப அது போடட்டும்!"

எல்லாரும் சிரித்த சிரிப்பில் சூசை அண்ணையின் பொல்லு நிலத்தில் மூன்று தரம் தட்டியது ஒருவருக்கும் கேட்கவில்லை. நாலாம் தரம் கேட்டது.

"பிழை! எங்கட ஊரில கூடத்தான் எடுக்கவேணும். மெஷின் முதல் சொன்னதுதான் சரி. ரீச்சர் எண்டாப்போல நியாயத்தை மாத்தலாமோ?"

"அண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ."

"நான் ஏன் சும்மா இருக்க?"

அவ்வளவுதான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம் வெளியே வந்தது. சரிக்குச் சரி வெற்றி என்பவர்கள் ஒரு பக்கம், தோல்வி என்பவர்கள் ஒரு பக்கம். சரிக்குச் சரி என்றால் திரும்பப் போடவேணும் என்று ஒரு மனுசி தனியாக ஒரு பக்கம். ரீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பூசை வைக்கிற சுவாமி எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நடுவிலே யூட், மொட்டைத் தலை வேர்த்து மினுங்க, கையை உயர்த்திக் கத்தினான்: "சண்டை வேண்டாம்! ரீச்சருக்கு ஒண்டு, அண்ணைக்கு ஒண்டு! ரெண்டு விதமாயும் அடிச்சுத் தாறன்! பிடிக்காத ஆள் தனக்கெண்டு ஒண்டு செய்யலாம்!"

ஐந்து மாதம் மட்டையில் எழுதி வைத்தும், நான் றோல் பொரித்துக் கொடுத்தும் ஏறாத விஷயம், அந்த ஒரு கத்தலில் சனத்துக்கு ஏறிவிட்டது. அப்படியென்றால் அந்த மெஷின் கடைக்காரன் சொன்னபடி ஆடத் தேவையில்லை, நாங்கள் சொன்னபடி ஆடும். அடுத்த ஞாயிறு மேசையில் இரண்டு சப்பாத்துப் பெட்டி. ஒன்றில் 'ரீச்சர் டிஸ்க்', மற்றதில் 'சூசையர் டிஸ்க்'. சனம் வரிசையில் நின்றது. சீட்டுக்கு வந்தவர்கள் செத்துக் கிடந்த லப்டொப்புகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எழுப்பிக்கொண்டு போனார்கள்.

பந்தயத்தின்படி நாங்கள் வென்றோம், மேசை போகவேண்டும். நான் ஒன்றும் தெரியாத மாதிரி ரீச்சரிடம் கேட்டேன்: "ரீச்சர், மேசையை மடிக்கிறதோ?"

"உமக்கு விசரே? இப்ப எடுத்தால் சூசையர் வெண்டதா ஆகிடும். நிக்கட்டும்." கேக் விற்பனை படிக்கட்டுக்குக் கீழே நடந்தது.

கிளிப்பை யூட் படம் எடுத்து, ரீச்சரின் சட்டத்தோடு சேர்த்து, அந்த ஆட்டத்தைப் பராமரிக்கிற ஆட்களுக்கு அனுப்பினான். எந்தத் தேசமோ, முகம் தெரியாத சனம். அவர்களுக்குக் கிளிப் நல்லாய்ப் பிடித்துவிட்டதாம். தோற்றவரின் காதில் அதை வரைந்து போட்டார்கள். செய்தவர்களின் பெயர் எல்லாம் ஆட்டத்தின் கடைசியில் வரும் என்று சொல்லி, யூட் என் பெயரைக் கேட்டான்.

"நீ எழுத வேண்டாம். நான் எழுதுவன்" என்றேன்.

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாய்த் தேடி, என் பெயரை நானே அடித்தேன். ரீ ஆறும் அளவு நேரம் எடுத்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ரீச்சர் மட்டும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ரை பேர் முதல் வரவேணும்" என்றா.

"அகர வரிசை, ரீச்சர்" என்றான் யூட்.

அகர வரிசையில் நான்தான் முதல். மூன்றாம் வகுப்பு முதலாவது, ரீச்சர் இரண்டாவது. அன்றைக்கு ஹோலைக் கூட்டும்போது தும்புத்தடியோடு ஒரு சுற்று ஆடினேன், ஆள் இல்லாத ஹோல்தானே.

பஸ்ஸில் அந்தப் பிள்ளைக்கு இதில் கால்வாசிதான் சொன்னேன். நம்பினாளோ என்னவோ, போனை என் பக்கம் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பெயர்கள் ஓடின. இப்போது எத்தனை பெயர்! நான் எழுத்துக்கூட்டி முடிக்க முதல் மேலே போய்விடுகின்றன. "ஸ்லோ, பிள்ளை, ஸ்லோ" என்றேன். என் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டாமலே கண்டுபிடித்தேன். கீழே ரீச்சர். பிள்ளை என்னைப் பார்த்த பார்வை மாறியது. "அன்ரி, திஸ் இஸ் யூ? ஃபோர் ரியல்?" என்று வாயைப் பிளந்தாள். நான் கோட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டேன்.

அந்த ஹோல் இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடி வீடுகள், கீழே கண்ணாடிக்குள் ஓடுகிற மெஷினில் சனம் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் போடுகிற வாயோடு ஒரு லப்டொப்பும் இப்போது வருவதில்லை. போஞ்சித் தோட்டக்காரர் புறாவுக்கு என்ன செய்கிறாரோ. யூட் ஸ்ட்ரெதம் பக்கம் போய்விட்டான். ரீச்சர் கனடாவில் மகனோடு. சூசை அண்ணையைப் போன மாரிக்கு முந்தின மாரியில் அடக்கம் செய்தோம். பெட்டிக்குள் ஒரு சீட்டுக்கட்டும் வைத்தோம்.

பிள்ளை புது ஆட்டம் தொடங்கினாள். தொடக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. என் காலத்தில் இல்லாத கேள்வி. கேட்டதும் எடுத்ததும் சரிக்குச் சரி என்றால் வெற்றியா, தோல்வியா, திரும்பப் போடுவதா, நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று மூன்று பொத்தான். ஒரு ஹோல் முழுக்கத் தொண்டை கட்டக் கட்டக் கத்திய சண்டை, மூன்று பொத்தானாகி, பக்கத்தில் பக்கத்தில் நல்ல பிள்ளைகளாய் நிற்கிறது. அவள் வழக்கமாகப் பார்க்காமலே தட்டிவிட்டுப் போவாளாம்.

"விச் ஒன், அன்ரி?" என்று கேட்டாள்.

"வெற்றி!" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல. சொல்லிவிட்டு, பழக்கதோசத்தில், பின்னால் இருந்து "பிழை!" என்று ஒரு பொல்லு தட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். என் தரிப்புத் தாண்டிப் போய்விட்டது. ஒன்றும் தட்டவில்லை.